சுவரும் நோட்டும்

நெல்லைப் பக்கத்துச் சபைக்காரர்கள் நாங்கள் தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர்க் கோவிலில் கர்த்தருடைய ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல, எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்று வரும். வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்தைத் திறந்து மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் பார்த்தால் அங்கே குற்றம் இல்லை, கடன் இருக்கிறது. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." ஒன்பதோ பத்தோ வயதில் இதைக் கண்டுபிடித்து ஓய்வுநாள் பள்ளி வாத்தியாரிடம் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான், உட்கார்" என்றார். மளிகைக் கடைக்காரன் பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. குற்றம் செய்தால் அடி விழும். கடன் வாங்கினால் நோட்டில் ஏறும். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

வாத்தியார் சொன்னது சரி என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இயேசு பேசிய அரமேயத்தில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல்லால் சொல்வார்களாம். மத்தேயு அதைக் கடன் என்றே எழுதினார். லூக்கா தன் சுவிசேஷத்தில் இரண்டையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்: தேவனிடத்தில் எனக்கு உள்ளது பாவம், என்னிடத்தில் அடுத்தவனுக்கு உள்ளது கடன். பவர் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்) தலைமையில் மொழிபெயர்த்து 1871ல் வெளிவந்த எங்கள் தமிழ் வேதாகமமும் இதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. எனக்கு இந்தக் கடன் என்ற சொல் போதும். பாவம் என்றால் எங்கோ கறுப்பாக ஏதோ ஒன்று போலத் தோன்றுகிறது. கடன் என்றால் எந்தப் பக்கம், எந்தத் தேதி, எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டலாம்.

எங்கள் கடைக்குப் பெயர் கிருபை ஸ்டோர். பெயர்ப்பலகைக்குக் கீழே, படியேறுகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஓர் அட்டை தொங்கும்: 'இன்று ரொக்கம் நாளை கடன்'. இதில் ஏதோ இடிக்கிறது என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. கிருபை என்பது எங்கள் பக்கத்தில் அவ்வளவு புழங்கிய சொல். பிள்ளைகளுக்குக் கிருபை, கிருபாகரன், தேவகிருபை என்று பெயர் வைப்பார்கள். புது வீட்டு நெற்றியில் கிருபை என்று எழுதுவார்கள். சுகமா என்று கேட்டால் தேவ கிருபையால் சுகம் என்பார்கள். கைமாறிக் கைமாறித் தலையும் பூவும் தேய்ந்துபோன காசு மாதிரி அது. கத்தோலிக்க நண்பர்கள் வீட்டில் அதே இடத்தில் அருள் என்பார்கள். எங்கள் வேதாகமத்தில் "பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று" என்று இருப்பது, அவர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் "அருள் பொங்கி வழிந்தது" என்று இருக்கிறது. சபை விசுவாசம் ஒருபுறம் இருக்கட்டும், இந்த ஒரு வரியில் அவர்கள் எங்களை ஜெயித்துவிட்டார்கள். பெருகுவதை அளந்துவிடலாம். பொங்கி வழிவதற்கு எந்தப் பாத்திரத்தைப் பிடிப்பது?

அட்டை தொங்கினாலும் அப்பா கடன் கொடுத்தார். கொடுக்காமல் அந்த ஊரில் கடை நடத்த முடியாது. தேரிக்காட்டுச் செம்மணல் பூமி. அப்போது நாங்கள் நெல்லை மாவட்டம்; தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது 1986ல்தான். பனையேறும் வீடுகளில் பதநீர் இறங்குகிற கோடை மாதங்களில்தான் காசு நடமாடும். மற்ற மாதங்களுக்குப் பற்று நோட்டு. நீளவாக்கில் தைத்த கனத்த அட்டை நோட்டு அது. வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, சாமான், தொகை. கருப்பட்டி விற்றுக் காசு வந்ததும் வந்து தீர்ப்பார்கள். அப்பா அந்தப் பக்கத்தின் குறுக்கே மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு கோடு இழுத்து, 'தீர்ந்தது' என்று எழுதித் தேதி போடுவார். பிறகு நோட்டை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் காட்டுவார். கோடு எல்லோருக்கும் புரியுமே என்பார்.

நோட்டில் ஒரு பக்கம் கோவிலுக்குப் பின்னால் குடியிருந்த ஓர் ஆச்சியுடையது. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனவர். ஆச்சி குருத்தோலையில் பெட்டி முடைந்து விற்பார்: சின்னக் கொட்டான், மூடிபோட்ட பெட்டி, யாராவது சொல்லி வைத்தால் கடகம். நாளெல்லாம் முடைந்தாலும் நான்கைந்து ரூபாய் தேறாது. எழுத்துத் தெரியாது. ஆனால் கணக்கு இருந்தது. எங்கள் கடையில் ஏதாவது பற்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் விரலைத் தொட்டு, நிலைப்படிக்குப் பக்கத்து மண்சுவரில் கோடு போட்டு வைப்பார். ஒரு ரூபாய்க்கு நெட்டைக் கோடு, நாலணாவுக்குக் குட்டைக் கோடு. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு யார் பக்கத்தையாவது தேர்ந்தெடுத்திருப்பேன்.

1984. நான் பன்னிரண்டாம் வகுப்பு. மாலையில் கடை என் பொறுப்பு. யாராவது சீனியோ தேங்காயெண்ணெயோ ரொக்கத்துக்கு வாங்கிப் போனால், காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதே சாமானை ஆச்சியின் பக்கத்தில் பற்று எழுதினேன். இதைவிடச் சுத்தமான திருட்டு கிடையாது. கல்லாவும் சரியாக இருக்கும், சரக்கும் சரியாக இருக்கும். மூன்று மாதத்தில் 43 ரூபாய். திருச்செந்தூரில் இரண்டு சினிமா, பரோட்டா, ஒரு ஹீரோ பேனா. கடைசியில் எழுதிய சில பற்றுகளை அந்த ஹீரோ பேனாவால்தான் எழுதினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

ஆச்சி கணக்குத் தீர்க்க வரும் வாரத்தில் டியூஷன் என்று சொல்லிக் கடைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் அப்பா சாப்பிடப் போனபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆச்சியின் பக்கத்தில் குறுக்கே கோடு. தீர்ந்தது. தேதி. அப்பா முகத்தில் ஒன்றும் இல்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தப்பித்தவன் நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? நான் பாடகர் குழுவில் சேர்ந்தேன். கல்லூரியில் பி.காம். படிக்கும்போதே ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் ஆனேன். வேலைக்குப் போன முதல் மாதத்திலிருந்து தசமபாகத்தில் ஒரு பைசா குறைத்ததில்லை. சில மாதங்களில் பத்தில் ஒன்றுக்கு மேலேயே வைத்தேன். கோவிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை. கோவில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க நன்கொடை. ஊரில் நல்ல பெயர். உள்ளுக்குள் யாரும் பார்க்காத ஒரு தவணைப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு கட்டியும் அசல் அப்படியே நின்றது.

ஞாயிறு ஆராதனையில் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்வோம். தப்பிப்போன ஆடுகளைப்போல வழிவிலகிப் போனோம் என்று நூறு பேர் ஒரே குரலில். பொது அறிக்கை ரொம்ப வசதியானது. நூறு பேர் குரலில் என் 43 ரூபாய் யாருக்குக் கேட்கப் போகிறது? சொல்லி முடித்ததும் ஐயர் எழுந்து நின்று பாவமன்னிப்பை அறிவிப்பார். அது பொதுவாகச் சொல்லப்பட்டது, எனக்கு இல்லை என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். என்னுடையது தவணைக் கணக்கு ஆயிற்றே.

2006ல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தூத்துக்குடியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். தற்காலிகமாக வேலை பார்த்த ஒரு பையன் சில்லறைச் செலவுப் பணத்தில் 1,200 ரூபாய் எடுத்திருந்தான். நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருப்பேனா? அந்த வேலை எப்படிச் செய்யப்படும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? "அம்மாவுக்கு மருந்து வாங்க எடுத்தேன் சார். இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் மேலிடத்துக்கு மூன்று வரியில் குறிப்பு எழுதினேன். மறுநாள் அவன் வரவில்லை. குறிப்பில் ஓர் எழுத்துப்பிழை கூட இல்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, ஊர்க் கோவிலில் பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. மத்தேயு 18. ராஜா தன் ஊழியக்காரரிடத்தில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். அவனுக்குக் கட்ட வழியில்லை. கெஞ்சுகிறான். ராஜா மனமிரங்கிக் கடனை மன்னித்து அவனை விட்டுவிடுகிறார். அவன் வெளியே போகிறான். நூறு வெள்ளிப்பணம் தனக்குத் தரவேண்டிய உடன்வேலைக்காரனைக் கண்டு, "அவனைப் பிடித்து, தொண்டையை நெரித்து" என்று வாசித்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. மேசை விளிம்பும் வெளுத்த விரல்களும் கண் முன்னால் நின்றன. சபையார் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். உபதேசியார் வந்து மிச்சத்தை வாசித்து முடித்தார்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரே தியானம் அதுதான். இயேசு சொன்ன இன்னொரு கதையில் திராட்சத்தோட்டத்தில் ஒரு நாள் கூலி ஒரு பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் கட்டி முடிக்க 2 லட்சம் வருஷம். இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து ஏரோது அந்திப்பாவுக்கு வருஷத்துக்கு 200 தாலந்து வருமானம் கொடுத்தன என்று யோசேப்புஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்த ஒரு வேலைக்காரன் பட்ட கடன், இயேசுவின் சொந்த நாட்டினுடைய 50 வருஷ வருமானம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கம் நூறு வெள்ளிப்பணம். நூறு நாள் கூலி. ஆறு லட்சத்தில் ஒரு பங்கு.

ஆனால் அன்று என்னை உலுக்கியது தொகை இல்லை. அந்த வேலைக்காரன் கேட்டது என்ன என்பதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். மன்னிப்பை அவன் கேட்கவே இல்லை. தவணை கேட்கிறான். 2 லட்சம் வருஷக் கடனுக்குக் கொஞ்சம் கால அவகாசம்! ராஜா கேட்டதைக் கொடுக்காமல் கேட்காததைக் கொடுத்தார். அவன் காதில் அது விழவில்லை என்று நினைக்கிறேன். தனக்குத் தவணை கிடைத்திருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். தவணைக்காரன் என்ன செய்வான்? வசூலுக்குப் போவான். தனக்கு வரவேண்டிய ஒவ்வொரு காசையும் நினைத்துப் பார்ப்பான். முதலில் அகப்பட்டவன் தொண்டையைப் பிடிப்பான். அவனை ரொம்பக் கொடூரமானவனாகச் சித்திரிக்கும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அவன் பயந்துபோன ஒரு கணக்கனாகத்தான் தெரிகிறான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் அப்பாவிடம் போனேன். அப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிற வயது. கடையை மூடி நாளாகிவிட்டது. முற்றத்தில் சாய்வு நாற்காலியில் வேப்பங்குச்சியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது ஆச்சியின் பக்கத்தில் 43 ரூபாய் பொய்ப் பற்று எழுதினேன் அப்பா என்றேன்.

அவர் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"43 இல்லை ஐயா. நாற்பத்து மூன்றரை. நீ ஒரு இடத்தில் கூட்டலில் அரை ரூபாய் விட்டிருந்தாய்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன். கணக்குத் தீர்க்க வந்த அன்று ஆச்சி தொகையைக் கேட்டுவிட்டு, "தம்பி, என் சுவரும் உன் நோட்டும் ஒத்துவரவில்லையே" என்றிருக்கிறார். அப்பா கடையை அரைக்கதவாகச் சாத்திவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நிலைப்படியில் நின்று சுண்ணாம்புக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஆச்சியின் சுவரில் ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோட்டில் எங்கெல்லாம் இடித்ததோ அங்கெல்லாம் என் கையெழுத்து. சுவர்க் கணக்குப்படி வரவேண்டிய தொகையை மட்டும் ஆச்சியிடம் வாங்கிக்கொண்டார். மிச்சத்தைத் தன் கையிலிருந்து கல்லாவில் போட்டார். அதன் பிறகுதான் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தார். "பையனை அடித்துவிடாதே தம்பி, படிக்கிற பிள்ளை" என்று ஆச்சி சொன்னாராம்.

நான் திருட்டுத்தனமாகப் பார்த்துத் தப்பித்தோம் என்று நினைத்தேனே, அந்தக் கோடு இதுதான்.

"ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" குரல் உயர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனவன் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். 25 வருஷம்! அப்பா நிதானமாகச் சொன்னார்: "நீயாகச் சொல்வாய் என்று ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நீ கோவில் காரியங்களை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய ஆரம்பித்தாய். சரி, பிள்ளை சமாதானமாகிவிட்டான் என்று விட்டுவிட்டேன்."

என் தவணைகளைப் பார்த்து அவர் அப்படி நினைத்துக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் ஓர் இடத்தில், நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்து, அதை எடுத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறார். கையெழுத்து என்று தமிழில் இருப்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிற கடன்சீட்டைக் குறிக்கும். நம்மூர்ப் புரோநோட்டு. அந்த வசனத்தைப் பத்திருபது தடவை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அன்று முற்றத்தில் அப்பா "எல்லாம் உன் கையெழுத்து" என்று சொன்னபோதுதான் அது எனக்குள் இறங்கியது. எனக்கு எதிரான சாட்சி வேறு யாரும் எழுதியதில்லை. நானே ஹீரோ பேனாவால் எழுதிக் கொடுத்தது.

அப்பாவைத் தேவனோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் கோபக்காரர், எடைக்கல்லில் கறாரானவர், தம்பியோடு வரப்புத் தகராறில் ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர். ஆனால் ஒன்றை அவர் செய்கையிலிருந்து கற்றேன். மன்னிப்பு என்றால் கணக்கை மறந்துவிடுவது என்று நினைத்திருந்தேன். அப்பா மறக்கவில்லை; அரை ரூபாய் கூட்டல் பிழை வரை ஞாபகம் இருந்தது. கோடு கோடாக எண்ணிப் பார்த்துவிட்டு, அதைத் தன் பக்கம் எழுதிக்கொண்டார். நாற்பத்து மூன்றரை ரூபாய் அவருக்குப் பெரிதில்லை. கோவில் கமிட்டியில் இருக்கும் மனிதர், கக்கத்தில் நோட்டோடு, ஒரு விதவையின் நிலைப்படியில் நின்று, தன் மகன் திருடன் என்று அவர் கண்ணுக்கு முன்னால் கண்டுகொண்டாரே, அதற்குத்தான் விலை. சிலுவையைப் பற்றி யோசிக்கும்போது ரத்தமும் ஆணியும் எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜமாக அந்த வெட்கமும் எனக்கு இப்போது தெரிகிறது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்கிறது ரோமர் நிருபம். நான் மனந்திரும்பிய பிறகு இல்லை; திருச்செந்தூரில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது.

இதைச் சபையில் சொன்னால் பெரியவர்கள் சிலர் நெளிவார்கள். இப்படிக் கிருபை கிருபை என்று சொன்னால் பிள்ளைகள் துணிந்துவிடுவார்கள் என்பார்கள். பவுலிடமும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா? "கூடாதே" என்று ஒரே சொல்லில் அறைகிறார். ஆனால் அதே அதிகாரத்தில் அவர் சொல்லும் காரணம் நம் ஊர் புத்திக்குத் தலைகீழாக இருக்கிறது. நீங்கள் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்கிறார். கட்டுப்பாடு தளர்ந்தால் பாவம் கூடும் என்பது நம் கணக்கு. கிருபையின் கீழ் வந்தால்தான் பாவத்தின் பிடி தளரும் என்பது அவர் கணக்கு. என் அனுபவம் பவுல் பக்கம்தான். கடனுக்குப் பயந்து ஓடிய 25 வருஷத்தில் நான் நல்லவன் ஆகவில்லை. ஒழுங்கானவன் ஆனேன், அவ்வளவுதான். அந்த ஒழுங்கின் கீழேதான் ஒரு பையனின் பிழைப்பு நசுங்கியது.

அதற்காக, முற்றத்தில் அன்று எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். சாட்சிக் கூட்டங்களில் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. உலகமெல்லாம் பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' என்ற கிருபைப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1748 மார்ச்சில் நடுக்கடல் புயலில் அவர் தேவனைக் கூப்பிட்டார். அந்த நாளை ஆயுள் முழுக்க நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான், 1750க்கும் 1754க்கும் இடையில், ஆப்பிரிக்கரை அடிமைகளாக ஏற்றிச்செல்லும் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் சங்கிலி. கப்பல் வேலையை விட்டதுகூட உடம்பு கெட்டதால்தான். 1764ல் குருவானார். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தில் தன் பங்கை ஒப்புக்கொண்டு, வெட்கப்பட்டு, அதைக் கண்டித்து அவர் அச்சில் எழுதியது 1788ல். புயலுக்கும் அந்தச் சிறு நூலுக்கும் நடுவில் 40 வருஷம். இதைச் சொல்லி அவரை மட்டம்தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கோ அவருடைய தேதிகள் ஆறுதலாக இருக்கின்றன. ஆறுதல் என்று சொல்லும்போதே அந்தக் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு இது என்ன ஆறுதல் என்றும் தோன்றுகிறது. கடன் ஒரு கோட்டில் தீர்ந்துவிடுகிறது. கடன்காரனாக நடந்த பழக்கம் கோட்டில் தீர்வதில்லை. அது தீரும்வரை அடுத்தவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள்.

அந்தப் பையனைத் தேடிப் போனேன். இப்போது பையன் இல்லை. முப்பதைத் தாண்டி, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மார்க்கெட்டுக்கு வெளியே பிடித்தேன். நான் செய்தது தப்பு, நானே அதைவிட மோசமாகத் திருடியவன் என்று சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டே கேட்டார். "எடுத்தது நான்தானே சார்" என்றார். தேநீர் குடிக்கலாமா என்றேன். லோடு இருக்கிறது என்று வண்டியை எடுத்துவிட்டார். அம்மாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மன்னித்தாரா என்று தெரியாது. மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வசூலுக்குப் போகிற உரிமை எனக்கு இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் அவருக்காகச் சொல்லிப் பார்க்கட்டுமா என்று ஒருமுறை போனில் கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆச்சி 1999லேயே போய்விட்டார். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த வீட்டுக்குப் போனேன். ஓலை போய் ஓடு வந்து, இப்போது காங்கிரீட். மண்சுவர் இருந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த சிமெண்டுச் சுவர். நிலைப்படியை மட்டும் மாற்றவில்லை, பழைய பனங்கட்டைதான். ஆச்சியின் மகள் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி முடைந்துகொண்டிருந்தார். அம்மா மாதிரியே ஓலையைப் பல்லில் கவ்விக் கிழிக்கிறார். நான் கதையைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆச்சி மகளிடம்கூடச் சொல்லவில்லை. "அம்மா அப்படித்தான் அண்ணாச்சி, வாயைத் திறக்க மாட்டாள்" என்று சொல்லிவிட்டு முடைவதைத் தொடர்ந்தார்.

மூடிபோட்ட பெட்டி ஒன்று எடுத்தேன். 160 ரூபாய் என்றார். 500 ரூபாய்த் தாளை நீட்டி, இருக்கட்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓலைத் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று நூறு, இரண்டு இருபதுகளைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.